இரணியல் நூலகத்தில் ஒரு சால்வை

இரணியலில் ரயில் தாமதம். மழையைத் திட்டிக்கொண்டே ஒதுங்கிய இடம் பொது நூலகம். உள்ளே ஊர் வரலாற்றுக் கூட்டம் நடக்கிறது. பெஞ்சுகள் நிறைந்து, நாளிதழ் மேசையின் மேலும் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளி ஆசிரியை ஒருவர் பேசி முடிக்கிறார். மன்னராட்சிக் காலத்தில் இங்கே பல சாதிப் பெண்கள் தோளில் துணி போடக் கூடாது என்று தடை இருந்ததையும், அவர்கள் அடி வாங்கியபடியே அதை மீறி உரிமையை வென்றதையும் பற்றிய பேச்சு.

வெளியூர்க்காரி என்று தெரிந்ததும் என்னை முன்னால் அழைத்து, பேசியவருக்கான சால்வையைக் கொடுக்கிறார்கள். சால்வை போர்த்துவதை எத்தனை கூட்டத்தில் பார்த்திருக்கிறேன். உதறிப் பிரித்து ஆசிரியையின் தோளுக்குக் கொண்டுபோகிறேன். கூட்டத்தை நடத்தும் மளிகைக்கடை அம்மா என் கையைப் பிடிக்கிறார்.

“போத்தாண்டாம் மக்கா. கையில குடு.”

“மரியாதைக்குத்தானேம்மா?”

“மரியாதைதான். ஆனா பொம்பளைக்க தோள்ல துணி கெடக்கணுமா வேண்டாமான்னு மத்தவிய முடிவு பண்ணுன காலம் போச்சு. இஞ்ச அவியளே எடுத்துப் போடுவாவ.”

மறுபடி மடித்துக் கையில் கொடுக்கிறேன். ஆசிரியை வாங்கி, நிதானமாகப் பிரித்து, தன் தோளில் தானே போட்டு, நுனியை இழுத்துச் சரிசெய்துகொள்கிறார்.

அப்புறம்தான் கைதட்டுகிறார்கள். அதுவரை ஓட்டின் மேல் இரைந்துகொண்டிருந்த மழை அதில் அமுங்கிப் போகிறது.