கத்தி பிடித்த புனிதர்

எங்கள் வீட்டில் ஒரு புனிதர் இருந்தார். அவருக்குப் பெயர் கிடையாது. பழவேற்காட்டில் அம்மாவின் பிறந்த வீட்டிலிருந்து சீதனமாக வந்த தங்க வட்டத்தில், ஒரு கையில் கத்தியும் மறு கையில் இலைக்கொத்துமாக நிற்பார். கத்தி என்றால் வேதத்துக்காக வெட்டுப்பட்டவர், இலை என்றால் மோட்சம் போனவர் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். எனக்கு டைபாய்டு வந்தபோது அவரைத் தண்ணீரில் போட்டு, அந்தத் தண்ணீரைக் குடிக்க வைத்தாள். பரீட்சைக்கு அவரை முத்தி செய்துவிட்டுத்தான் கிளம்புவோம். நாங்கள் கொடுத்த முத்தத்தில், பாவம், அவருக்கு மூக்கே போய்விட்டது.

தம்பி பட்டாளத்தில் சேர்ந்ததும் புனிதர் அவன் கழுத்துக்குப் போனார். இந்த முறை அவன் லீவில் வந்த நான்காம் நாளே எல்லையில் பதற்றம் என்று செய்தி. உடனே திரும்பச் சொல்லி போன் வந்துவிட்டது. டிவியில் போர் போர் என்று கத்துகிறவர்களைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் வீட்டிலிருந்து யார் போகிறார்கள்? அந்த நேரம் பார்த்து, கயிறு கோர்க்கும் கொக்கி உடைந்தது. அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆவடியிலிருந்து ஸ்கூட்டியில் பூந்தமல்லிக்கு ஓடினேன்.

நகைக்கடைக்காரர் பழைய காசு சேர்க்கிறவர். லென்ஸை வைத்து வெகு நேரம் பார்த்தார்.

“இன்னாமா, இத்தப் போய் கயித்துல கோத்துகினு கீறீங்க? இது சாமி இல்லமா, வெள்ளக்கார ராஜா. சொந்த ஜனங்களோடயே சண்ட போட்டவரு. பட்டாளத்துக்குச் சம்பளம் குடுக்கத் தட்டு, தங்கம் எல்லாத்தையும் உருக்கிக் காசு அடிச்சாங்க. நெஜக் காசா இருந்தா, ஒலகத்துலயே கொஞ்சந்தான் கீது.”

“கையில இலை வெச்சிருக்காரே?”

“சமாதானமாம். கத்தி இன்னொரு கையில.” அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதில் கொக்கி வைத்ததே அநியாயம், மறுபடி நெருப்புக் காட்ட மாட்டேன் என்று அடம்பிடித்தார். ரயிலுக்கு நேரமாகிறது என்று சண்டை போட்டுப் பற்றவைக்கச் செய்தேன். திரும்பும்போது பாரிவாக்கம் வரை, அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்றே நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அம்மா அதைத் தீர்த்தத்தில் நனைத்து, கண்ணில் ஒற்றி, தம்பி கழுத்தில் கட்டினாள். “இவரு கீறாரு. உனுக்கு ஒண்ணும் ஆவாது” என்றாள். சண்டைக்கு ஆள் பிடித்த காசு என் தம்பியின் நெஞ்சில் தொங்கியது. எனக்குச் சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை.

சென்ட்ரலில் அம்மா தண்ணீர் பாட்டில் வாங்கப் போன நேரத்தில் அவனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவன் பதறவில்லை.

“தெரியும்க்கா. அங்க ஒருத்தன் போன்ல தேடிக் காட்னான். ரெண்டு வருசமாச்சு.”

“தெரிஞ்சுமா போட்டுகினு கீற?”

“சம்பளத்துக்குச் சண்டைக்குப் போனவன் காசுதானே. நானும் அதுக்குத்தானே போறேன்.” அதைச் சட்டைக்குள் தள்ளினான். “அத சம்பளமா வாங்குனவன் ஊட்டுக்குத் திரும்பி வந்தானா? அத கேட்டியா அந்தக் கடக்காரர?”

நான் கேட்கவில்லை.

தூரத்தில் அம்மா பாட்டிலோடு வேகமாக வந்துகொண்டிருந்தாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காசை வெளியே எடுத்து, அவள் பார்க்கும்படி முத்தமிட்டான்.