நான் சூப் குடிக்காத தவக்காலம்

அல்வாலில் நாங்கள் குடியிருந்த வீட்டில், மிக்ஸிக்கு நேர் மேலே சமையலறைக் கூரையில் காரட் நிறத்தில் ஒரு கறை இருந்தது. அப்பா போட்டது. காய்கறி வெந்ததும் ஆறவிடாமல் அப்படியே மிக்ஸியில் கொட்டி, மூடியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு சுவிட்சைத் தட்டிவிட்டார். ஆவி மூடியைத் தூக்கியடித்தது. பனியன், சுவர், கூரை எங்கும் சூப். உள்ளறையில் படுத்திருந்த அம்மா மெல்ல எழுந்து வந்து பார்த்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வருஷத்தில் அவள் சிரித்ததாக எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு தடவைதான்.

அப்பாவுக்கு நாச்சாரத்தில் ஒரு தொழிற்சாலையில் லேத் வேலை. அதுவரை அடுப்படியில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் வெந்நீர் வைப்பது. அம்மாவுக்குத் தொண்டையில் கட்டி வந்து, கதிர்வீச்சுக் கரண்ட் வைத்ததில் வாயெல்லாம் புண்ணாகி, சோறு இறங்காமல் போன பிறகுதான் அவர் கத்தியைக் கையில் எடுத்தார். ஆஸ்பத்திரியில் உணவு முறை சொல்லும் அம்மாள், காய்கறி சூப்பை நன்றாகக் கெட்டியாகக் கொடுங்கள், ஆனால் மைதா வேண்டாம், கிரீம் வேண்டாம், காரம் கூடவே கூடாது என்று சொல்லியிருந்தார். அப்பா அதைத் தொழிற்சாலை உத்தரவு மாதிரி எடுத்துக்கொண்டார். காரட்டும் சுரைக்காயும் ஒரே அளவில் விழும். கெட்டிப்படுவதற்கு ஒரு உருளைக்கிழங்கு, ஊறவைத்த முந்திரி கொஞ்சம். குக்கரில் குழைய வேகவைத்து, (கூரைச் சம்பவத்துக்குப் பின்) நன்றாக ஆறவிட்டு அரைத்து, டீ வடிகட்டியில் தேய்த்துத் தேய்த்து வடித்து, பால் விட்டு, ஒரு நகத்தளவு வெண்ணெய் போட்டு இறக்குவார். பாடாவதி மனுஷனுக்கு இவ்வளவு கைமணம் எங்கே ஒளிந்திருந்ததோ தெரியாது. எனக்கு அந்த சூப் என்றால் உயிர்.

சாயங்காலம் மூன்று பேரும் மூன்று கிண்ணத்தோடு உட்காருவோம். என் பக்கத்து நாற்காலியில் அம்மா. நான் ஒரு வாய் குடித்தால் அவள் ஒரு வாய் குடிப்பாள். நான் நிறுத்தினால் அவளும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். “ம், குடிளா” என்பாள். என்னை ஊட்டி வளர்ப்பதாக அவளுக்கு நினைப்பு, நாலாங்கிளாஸ் படிக்கிற என்னைப் போய், என்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருக்கும்.

அது அப்பாவின் ஏற்பாடு என்று ரொம்பப் பிந்தித்தான் எனக்குத் தெரிந்தது. என் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போனபோது, பேச்சுவாக்கில் பெரியம்மா சொன்னாள். அம்மா சாப்பாட்டையே வெறுத்துவிட்டாளாம். ஒரு வாய் விழுங்குவது முள்ளை விழுங்குவது போல வலித்ததாம். அப்பா கெஞ்சிப் பார்த்துவிட்டு, கடைசியில், “நீ கூட உக்காந்து குடிக்கலன்னா பிள்ளை காய்கறியே தொட மாட்டேங்கா, ஸ்கூல்ல மயங்கி விழுந்துருவா போலிருக்கு” என்று புளுகியிருக்கிறார். அதற்கப்புறம் எனக்காக, வலியோடு வலியாக, அம்மா ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தாள். பெரியம்மா இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த சேலையை விரிக்கச் சொன்னாள். மீதிக் கதை அவளுக்குத் தெரியாது.

மீதிக் கதை இதுதான். அந்த வருஷத் தவக்காலத்தின் தொடக்கத்தில், கோயிலில் மறைக்கல்வி வகுப்பெடுக்கும் சிஸ்டர் எங்களையெல்லாம் ஒரு ஒறுத்தல் செய்யச் சொன்னார். மிகவும் பிடித்த ஒன்றை ஈஸ்டர் வரைக்கும் விட்டுவிட வேண்டும். அதை ஒரு வேண்டுதலுக்காக ஒப்புக்கொடுக்க வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் பலன் போய்விடும். சிஸ்டர் காதில் மட்டும் சொல்லலாம். மற்றப் பிள்ளைகள் சாக்லேட்டையும் கார்ட்டூனையும் விட்டார்கள். அதெல்லாம் எனக்கு அற்பமாகப் பட்டது. அம்மாவுக்குச் சுகம் கேட்கிறவள் கெட்டியாக ஏதாவது கொடுக்க வேண்டாமா? நான் சிஸ்டரின் காதில் போய், சூப் என்றேன். அவர் என் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

“நக்கோ மா.”

எங்கள் வீட்டில் பெரியவர்கள் திருநெல்வேலித் தமிழ் பேசுவார்கள். நான் தெருவில் பொறுக்கிய உருதுவில், வேண்டாம் என்பதற்கு நக்கோ என்று, பதில் சொல்வேன். அம்மா என்னைப் பார்த்தாள். இரண்டு வாய் குடித்தாள், வைத்துவிட்டாள். மறுநாளும் அப்படியே. அப்பா பிரெட்டை நெய்யில் முறுகவைத்து என் சூப்பில் மட்டும் போட்டுப் பார்த்தார், சீஸ் துருவிப் பார்த்தார். வாசனை மூக்கைத் துளைக்கும். நான் மேஜைக்கடியில் கையைக் கட்டிக்கொண்டு அருள்நிறை மரியே ஜெபம் சொல்லுவேன். எவ்வளவு கஷ்டமாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் அம்மாவுக்குக் குணமாகும் என்பது என் கணக்கு.

ஒருநாள் அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. “ஒங்கம்மாவுக்காகவாவது ஒரு வாய் குடிச்சா என்னளா? அவ்வளவு கொழுப்பா ஒனக்கு?” என்று கத்தினார். அம்மாவுக்காகத்தானே குடிக்காமல் இருக்கிறேன் என்று எனக்கு அழுகையும் பெருமையுமாக வந்தது. சொன்னால் பலன் போய்விடுமே என்று கிண்ணத்தை இன்னும் தள்ளி வைத்தேன்.

“விடுங்க, பாவம்” என்றாள் அம்மா. அவள் குரல் அப்போதே காற்றாகத்தான் வந்தது. “எம்மேல மருந்து வாடை அடிக்குல்லா. பக்கத்துல உக்காந்து குடிக்க அதுக்கு ஒருமாதிரி இருக்கும்.”

அடுத்த நாளிலிருந்து அம்மா மேஜைக்கு வரவில்லை. என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அப்பா கிண்ணத்தை உள்ளே எடுத்துப் போவார். கொஞ்ச நேரம் கழித்து, ஏடு படிந்த சூப்போடு அப்படியே வெளியே எடுத்து வருவார். அதைக் கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டு நிற்பார். குருத்து ஞாயிறன்று நான் ஓலையும் கையுமாகக் கோயிலிலிருந்து வந்தபோது அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். உடம்பில் தெம்பே இல்லை என்று டாக்டர் திட்டினாராம். புனித வாரம் முடிவதற்குள் அவளைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தோம். எப்படியும் தங்கியிருக்க மாட்டாள், நோய் அப்படிப்பட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் பல வருஷங்களாக அதைச் சொல்லிக்கொள்கிறேன்.

ஈஸ்டர் கழிந்து சிஸ்டர் துக்கம் கேட்க வீட்டுக்கு வந்தார். என்னை அணைத்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னார்: “இப்படி ஒரு பிள்ளைக்கு நீங்க கொடுத்து வச்சிருக்கணும் சார். அம்மாவுக்குச் சுகமாகணும்னு, தனக்கு உயிரான சூப்பைத் தவக்காலம் முழுக்கத் தொடலையே.”

அப்பா சிஸ்டருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொண்டிருந்தார். அப்படியே நின்றார். என்னையே பார்த்தார். அவ்வளவு நேரம் அப்பா என்னைப் பார்த்ததே கிடையாது. பிறகு டம்ளரை மெதுவாக மேஜையில் வைத்தார்.

“தெரியும் சிஸ்டர்” என்றார். “எங்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டா. நான்தான் சரின்னேன்.”

நான் சொல்லவே இல்லையே என்று வாயைத் திறந்தேன். அவர் உள்ளங்கை என் தலையில் வந்து உட்கார்ந்தது. நல்ல கனம். 

சிஸ்டர் போனதும் அப்பா சமையலறைக்குள் போய்க் காரட்டை நறுக்க ஆரம்பித்தார். வழக்கப்படி மூன்று கிண்ணம் எடுத்து வந்து, ஒன்றைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் ஒரு வாய் குடித்ததும் அவர் ஒரு வாய் குடித்தார். எத்தனை நாள் ஏக்கம், கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டு இன்னும் கேட்டேன். தன் கிண்ணத்தை அப்படியே என் பக்கம் நகர்த்தினார்.

ஆனால் மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. படுக்கப் போகும் முன் முழங்காலில் நின்று வெகுநேரம் ஜெபித்தேன். சேசுவே, எங்கப்பா சிஸ்டர்கிட்டப் பொய் சொல்லிட்டாங்க, அவங்களுக்கு வேற யாரும் இல்ல, நீங்கதான் அவங்களை மன்னிக்கணும் என்று.