அவளுடன் யார் இருக்கிறார்கள்?

மகள் படிக்க ஸ்பெயினுக்குப் போன பிறகு, அவளுக்குத் தெரியாமல் போனில் ஸ்பானிஷ் கற்க ஆரம்பித்தேன். எனக்குப் பந்தல் போடும் தொழில். மார்கழியில் கல்யாணம் கிடையாது, நேரம் இருந்தது. கற்றதெல்லாம் ஆட்களைப் பற்றிய கேள்விகள். 'கியேன்' என்றால் யார். 'கோன் கியேன்' என்றால் யாருடன். வயசுப் பெண்ணைப் பெற்றவனுக்கு வேறென்ன பாடம் வேண்டும்? பதில்களைப் புரிந்துகொள்ளும் பாடத்துக்குப் போவதற்குள் தை பிறந்துவிட்டது.

மாசியில் ஒரு மதியம், கரிக்கலாம்பாக்கம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகளின் குரல் பதிவு வந்தது. "அப்பா, அப்பெண்டிக்ஸாம். இப்பவே ஆபரேஷன் பண்றாங்க. பயப்படாதீங்க."

நான் பயப்படவில்லை. சோற்றுக் கையோடு பைக்கைக் கிளப்பினேன், அவ்வளவுதான். ஸ்பெயினுக்கு பைக்கில் போக முடியாது என்பது தெருமுனையில்தான் உறைத்தது.

திரும்பி வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றாள். "கூட யாருங்க இருக்காங்க?"

எங்கள் பக்கம் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் இதைத்தான் முதலில் கேட்போம். நோயைப் பற்றிப் பிறகு. கட்டிலுக்குக் கீழே பாய் விரிக்க ஓர் ஆள், வெந்நீர் வாங்க ஓர் ஆள், வராந்தாவில் சும்மா நிற்கச் சொந்தக்காரர்கள். யாருமில்லாமல் ஒரு பெண்ணை உள்ளே தள்ளிக்கொண்டு போவதை எங்களால் நினைக்க முடியாது.

மகளின் எண்ணுக்குப் போட்டேன். வயதான பெண்குரல் எடுத்தது. மார்கழியில் சேர்த்து வைத்ததை எடுத்து விட்டேன். "கியேன் எஸ்தா கோன் மி இஹா?" என் மகளுடன் யார் இருக்கிறார்கள்?

அந்தம்மா நீளமாகச் சொன்னார். நான் பிடித்தது ஒரே சொல்: 'நாதியே'. யாருமில்லை.

"இன்னாங்க சொல்றாங்க?"

"யாரும் இல்லையாம்."

மனைவி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, எம் பொண்ணு தனியாவா கெடக்குது? நீ படிச்ச லட்சணத்துக்கு இன்னொரு வாட்டி கேளுய்யா!"

கேட்க வேண்டியதை மாற்றிக் கேட்டேன். யாருடன் வந்தாள்?

"கோன்மிகோ." என்னுடன்.

நீங்கள் யார்?

"லா வெசினா." பக்கத்து வீடு.

யாருடன் வீட்டுக்குப் போவாள்?

மறுபடியும் "கோன்மிகோ." இம்முறை மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல. அப்போதுதான் புரிந்தது: உள்ளே ஆபரேஷன் நடக்கிறது, அதனால்தான் இந்த நிமிஷம் பக்கத்தில் யாருமில்லை. கதவுக்கு வெளியே அவர் உட்கார்ந்திருக்கிறார். இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்கிறார்.

மனைவியிடம் சொன்னேன். அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அக்கா, அவளுக்கு ஊசின்னா பயம். கண்ணு முழிக்கும்போது எதிர்ல நீ நில்லுக்கா. எங்கயும் போயிடாத."

எல்லாம் நம் தமிழில். அந்தம்மா "ஸீ, ஸீ" என்றார், ஆமாம் ஆமாம் என்று. பிறகு அவர் மொழியில் என்னென்னவோ சொன்னார். இவளும் "ஆமாக்கா" என்றாள். ஒரு கேள்விகூட இல்லாமல் இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் காய்ந்த சோற்றுக் கையோடு, போன் பக்கம் காதைச் சாய்த்தபடி நின்றேன். கழுவப் போகத் தோன்றவில்லை.

வெகுநேரம் கழித்து அந்தப் பக்கம் சக்கரம் உருளும் சத்தம். அந்தம்மா பேச்சை நிறுத்தினார். நாற்காலி நகர்ந்தது, செருப்புச் சத்தம் வேகமாகப் போனது. மயக்கம் தெளியாத குரலில் மகள் ஏதோ முனகினாள். அந்தம்மா அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மகளைக் கூப்பிட நான் வாயெடுத்தேன். மனைவி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "பேசாதீங்க," என்றாள் என்னிடம். "அவங்க பேசட்டும்."