பல்லுக்கு ஒரு கதை

"ராணி குதிரையிலேருந்து இறங்குறா. கையில வாள். எச்சில் சேர்ந்துடுச்சா? இருங்க, உறிஞ்சிடறேன். அந்தத் தளபதி இருக்கானே, முதல்ல ராணி காலைத் தொட்டுக் கும்பிட்டானே, அவன்தான் கோட்டைச் சாவியை எதிரிகிட்ட குடுத்திருக்கான். நாக்கை அந்தப் பக்கம் ஒதுக்கிக்கோங்க சார்."

நாற்காலியில் மல்லாந்து கிடக்கும் லாரி ஓட்டுநர் "ஆஆ" என்கிறார். அது வலியா, தளபதி மேல் வந்த ஆத்திரமா என்று பல் டாக்டருக்குத் தெரியவில்லை. கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார். கதை சொல்லிக்கொண்டிருக்கும் உதவியாளர் பஞ்சக்காவுக்குத் தெரியும். "ஆத்திரம்தான் டாக்டரம்மா. நீங்க பாட்டுக்கு நோண்டுங்க."

எல்லார் வாய்க்குள்ளும் பஞ்சு வைப்பது அவர் வேலை என்பதால் பஞ்சக்கா. ஐம்பதைத் தாண்டியவர். குள்ளம். நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு மர முக்காலி போட்டு அதன்மேல் ஏறி நின்றுதான் நோயாளியின் வாயை எட்டிப் பார்ப்பார். ஒரு கையில் உறிஞ்சுகுழாய், இன்னொரு கையில் இடுக்கி. இரண்டு கையும் வேலையில் இருப்பதால், கதைக்கு வேண்டிய வாள்வீச்சு, கண்ணீர், கட்டியணைப்பு எல்லாவற்றையும் புருவத்தாலேயே நடித்துக் காட்டுவார். முகமூடிக்கு மேலே தெரிவது அது மட்டும்தானே.

அவருடைய துணிப்பையில் எந்நேரமும் மூன்று புத்தகங்கள் இருக்கும். ஒரு காதல் நாவல், ஒரு வாழ்க்கை வரலாறு, ஒரு சரித்திரம். கிளினிக்குக்குக் கீழே பழைய பேப்பர் கடை. எடைக்கு வரும் மூட்டைகளை அந்தக் கடைக்காரர் பிரிப்பதற்குள் பஞ்சக்கா பிரித்துவிடுவார். அட்டை போனது, நடுவில் கிழிந்தது, மழையில் ஊறி உப்பியது எதற்கும் அவர் முகம் சுளிப்பதில்லை. "போன பக்கத்துல பெருசா என்ன நடந்திருக்கப்போகுது? ஒண்ணு சண்டை போட்டிருப்பாங்க, இல்ல சமாதானம் ஆகியிருப்பாங்க. நாம பார்க்காததா?"

எந்தப் பல்லுக்கு எந்தப் புத்தகம் என்பதில் அவரிடம் விட்டுக்கொடுக்கும் பேச்சே கிடையாது. முன்பல்லுக்குக் காதல். "முன்னாடி பல்லைச் சரி பண்ண வர்றவங்க யாருக்கோ சிரிச்சுக் காட்டத்தானே வர்றாங்க?" கடைவாய்ப் பல்லுக்குச் சரித்திரம். வேர் ஆழம், நேரம் பிடிக்கும், ரத்தமும் உண்டு. ஞானப்பல்லுக்கு வாழ்க்கை வரலாறு. "ரெண்டும் கடைசியில முளைக்கும். ரெண்டும் கோணலா வரும். ரெண்டாலயும் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்ல."

நான் போனது கடைவாய்ப் பல்லுக்கு. வாராவாரம் காதல் தொடர்கதை எழுதி வயிறு வளர்க்கிறவள் நான். எனக்குக் காதல்தான் வேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன். "பல்லு என்ன கேக்குதோ அதான் எழுத்தாளரம்மா" என்று சொல்லி, ஒரு முற்றுகையைத் தொடங்கிவிட்டார்.

படித்ததையெல்லாம் அப்படியே ஒப்பிக்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு புத்தகத்தின் மேலும் அவருக்கு ஒரு வழக்கு உண்டு. காதல் நாயகிகளைக் கண்டால் எரிச்சல். "இந்தப் பொண்ணு முன்னூறு பக்கம் அழுவுது. மூஞ்சியைக் கழுவிட்டு நேரா அவன்கிட்ட போய்க் கேட்டிருந்தா இருபதாம் பக்கத்துல கல்யாணம்." இதைச் சொன்னபோது என்னை ஒரு பார்வை பார்த்தார். மகான்களையும் விடமாட்டார். "பெரிய மனுஷங்க அத்தனை பேரும் தெருவிளக்குலதான் படிச்சாங்களாம். அந்தக் காலத்துல விளக்குக் கம்பத்தடியில நிக்க இடம் கிடைச்சிருக்குமா?" சரித்திரத்துக்கு அவர் சொந்தமாக ஒரு சித்தாந்தமே வைத்திருக்கிறார். "ராஜாவுங்களுக்கு எல்லாமே இருந்துச்சு, பல் டாக்டர் மட்டும் இல்ல. ராத்திரி பூரா பல்லு வலிச்சவன் விடிஞ்சதும் பக்கத்து நாட்டு மேல படையெடுக்காம வேற என்ன பண்ணுவான்?"

ஒருமுறை ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் ஒருவர் இந்தச் சித்தாந்தத்தை வாயைத் திறந்து பிடிக்கும் கவ்வியோடு கேட்க நேர்ந்தது. காலை உதைத்தார், கையை ஆட்டினார், கண்ணில் நீர் வந்தது. கவ்வி வெளியே வந்ததும், "நீங்க சொன்னது எதுக்கும் ஆதாரம் கிடையாதும்மா" என்று கத்தினார். பஞ்சக்கா நிதானமாகக் கையுறையைக் கழற்றினார். "அடுத்த தடவை வாயை மூடிக்கிட்டு வாங்க சார், பேசலாம்."

வேர் சிகிச்சைக்கு மூன்று தடவை வரவேண்டும். முதல் தடவையிலேயே வலி போய்விடும். வலி போனதும் ஆளும் போய்விடுவார். பாதி குடைந்த பல்லோடு ஊரில் எத்தனையோ பேர் திரிந்துகொண்டிருந்தார்கள். பஞ்சக்கா கதை சொல்ல ஆரம்பித்த பிறகுதான் அந்த ஓட்டம் நின்றது. "கதவைத் தட்டுற சத்தம். அவ போய்த் திறக்குறா. எதிர்ல நிக்கிறது யாரு தெரியுமா... சரி, கொப்புளிங்க. வர்ற செவ்வாய்க்கிழமை." ஒரு கதையை எந்த இடத்தில் அறுத்தால் ரத்தம் வரும் என்பதை நான் பத்திரிகை ஆசிரியர்களிடம் திட்டு வாங்கித் தெரிந்துகொண்டேன். அவர் உறிஞ்சுகுழாயைப் பிடித்தபடியே தெரிந்துகொண்டிருந்தார். அந்த லாரி ஓட்டுநர் நெடுஞ்சாலையிலிருந்து போன் செய்து, "அக்கா, அந்தத் தளபதி மாட்டினானா இல்லையா, அதை மட்டும் சொல்லிடுங்க" என்று கெஞ்சியதை நான் என் காதால் கேட்டேன். "பல்லோட வாங்க தம்பி" என்று போனை வைத்துவிட்டார்.

வீட்டில் அவர் ஒரு வரி கதை சொல்வதில்லை. அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் மனைவியை அழைத்துப் போக வந்தவரிடம், உங்களுக்கு என்ன குறை, வீட்டிலேயே கதை கேட்கலாமே என்றேன். "எங்கம்மா கேக்கறது! நடுவுல நான் ஒரு கேள்வி கேட்டா போதும், எழுந்து போயிடுவா. அவளுக்கு எதிராளி வாய் பேசாம இருக்கணும், ஆனா திறந்தும் இருக்கணும். அதுக்கு நான் எங்க போறது?"

இத்தனை பேரை அந்த நாற்காலியில் உட்கார வைத்த பஞ்சக்கா, ஒருநாள்கூட அதில் உட்கார்ந்ததில்லை. அவருடைய இடப்பக்கக் கீழ்க்கடைவாய்ப் பல் எப்போதோ சொத்தையாகிவிட்டது. வலப்பக்கமாகவே மென்று காலம் தள்ளினார். போன மாதம் இடக்கன்னம் உப்பிக்கொண்டு வந்தது. முகமூடியின் ஒரு பக்கம் மட்டும் புடைத்துக்கொண்டு நின்றது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். வீக்கம் வடிந்தது. வடிந்ததும் பஞ்சக்கா, எந்த ஓடுகாலிகளை இத்தனை காலம் துரத்திப் பிடித்தாரோ அவர்கள் பேசிய அதே வசனத்தைப் பேசினார். "இப்ப வலி இல்லையே டாக்டரம்மா. அடுத்த வாரம் பார்த்துக்கலாம்."

டாக்டர் அதிகம் பேசாதவர். அன்று பேசினார். நான் சிகிச்சை முடிந்த பல்லுக்குக் 'கேப்' என்கிற தொப்பி மாட்டிக்கொள்ளப் போயிருந்தேன். "அக்கா, சீழ் எலும்புக்குள்ள இறங்கிட்டிருக்கு. இன்னொரு தடவை வீங்கினா அது கழுத்துக்கு இறங்கும். அப்ப என் கையில இல்ல. பெரிய ஆஸ்பத்திரியில தாடையை அறுப்பாங்க. மூச்சுக்கே ஆபத்து. இன்னிக்கு உக்காருங்க."

பஞ்சக்கா சுவரோடு ஒட்டி நின்றார். சிங்கத்தைப் பழக்குகிறவர் கூண்டுக்குள் போகப் பயந்து நின்றால் எப்படியிருக்கும்?

"தெரியாதவங்க தைரியமா உக்காருவாங்க. அந்தத் தட்டுல இருக்கிற ஒவ்வொண்ணும் எங்க நுழைஞ்சு எங்க வரும்னு எனக்குத் தெரியுமே" என்றார். பிறகு குரல் இறங்கியது. "சரி, உக்காந்தா? எனக்கு யாரு கதை சொல்லுவா? இருக்கிற கதையெல்லாம் எனக்குத் தெரியும்."

நான் இருக்கிறேனே என்று முன்னால் வந்தேன். தொழில் அது. கணீரென்று ஆரம்பித்தேன்: "ஒரு மழைநாளில், அந்தப் பெரிய வீட்டு வாசலில், குழந்தையோடு ஒருத்தி..."

"அது அந்த வீட்டுக்காரரோட பேத்தி. கடைசியில கழுத்துச் சங்கிலியை வெச்சுக் கண்டுபிடிப்பாங்க. இதைக் கேக்கறதுக்கு வலியே தேவலாம் எழுத்தாளரம்மா."

டாக்டர் என்னை ஒதுக்கினார். பஞ்சக்காவின் தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்தினார். "நான் சொல்றேன். வாயைத் திறங்க."

பாடப் புத்தகத்துக்குப் பிறகு மருந்து அட்டையைத் தவிர வேறெதையும் படிக்காதவர் அவர். அவர் அறிந்த கதையெல்லாம் பல்லைக் குடைந்தபடியே பஞ்சக்காவிடம் காதில் வாங்கியதுதான். அதிலும் மெஷின் ஓடாதபோது கேட்ட பாதிகள் மட்டும். எனக்குக் கையுறை மாட்டி உறிஞ்சுகுழாயைக் கொடுத்தார். ஊசி போட்டார். கன்னம் மரத்ததும், பரீட்சைக்குப் படிக்காமல் வந்த பிள்ளை மாதிரித் தொண்டையைச் செருமினார்.

"ஒரு ராஜா இருந்தான். அவன் வந்து... சின்ன வயசுல தெருவிளக்குல படிச்சான்."

பஞ்சக்காவின் புருவம் நெற்றியின் உச்சிக்குப் போனது.

"பெரியவனானதும் அவனுக்கு ஒரு டைப்பிஸ்ட் பொண்ணு மேல காதல். அவ கோட்டையிலதான் வேலை பார்த்தா. கோட்டையை எதிரி சுத்திக்கிட்டான். இவ முன்னூறு பக்கம் அழுதா."

"ஆங்! ஆங்!" பஞ்சக்கா கையைத் தூக்கினார்.

"வலிக்குதா?"

தலை இல்லை என்று ஆடியது.

"கதை தப்பா?"

தலை நாற்காலியே அதிரும்படி ஆமாம் என்று ஆடியது.

"இது நான் சொல்ற கதை. பேசாம இருங்க." மெஷின் அலறியது. பல்லின் வேரை இரண்டாகப் பிளக்க வேண்டியிருந்தது. டாக்டர் அந்த அலறலுக்கு மேலே கத்திக் கதை சொன்னார். டைப்பிஸ்ட் ராஜாவின் குதிரையைத் திருடிக்கொண்டு கடலுக்குப் போனாள். கப்பலில் ஒரு விஞ்ஞானி இருந்தார். ஆய்வுக்கூடம் எரிந்துபோய்ப் பெண்டாட்டியும் திட்டிவிட்டதால் கப்பலேறியவர். இருவரும் மாறுவேடத்தில் திரும்பி வந்தார்கள். ராஜாவுக்கு அப்போது பல்வலி. நாலு நாட்டின் மேல் படையெடுத்தும் வலி நிற்கவில்லை. நான் குழாயைக் கன்னத்தில் வைப்பதற்குப் பதிலாக மூக்கருகில் பிடித்திருந்ததை டாக்டர்தான் தள்ளி வைத்தார். நாற்காலியின் கைப்பிடியைப் பிய்த்துக்கொண்டிருந்த பஞ்சக்காவின் விரல்கள் எப்போது தளர்ந்தன என்று தெரியவில்லை. புருவம் இறங்கி, நடுவில் ஒரு சுருக்கம் விழுந்திருந்தது.

"விஞ்ஞானி, பல் வைத்தியர் வேஷத்துல அரண்மனைக்குள்ள வந்துட்டாரு. ராஜா வாயைத் திறந்துக்கிட்டு மல்லாந்திருக்கான். திரைக்குப் பின்னாலேருந்து அந்தப் பொண்ணு மெதுவா வர்றா. கையில..." டாக்டரின் மணிக்கட்டு ஒரு திருகு திருகியது. தட்டில் இரண்டு துண்டு வேர் 'டிங்' என்று விழுந்தது. "முடிஞ்சது அக்கா. பஞ்சைக் கடிச்சுக்கோங்க. எழுந்திருங்க."

பஞ்சக்கா எழுந்திருக்கவில்லை. பஞ்சுக்கும் மரத்துப்போன உதட்டுக்கும் நடுவிலிருந்து குழறலாக வந்தது: "கையில... என்ன?"

"எனக்கெப்படித் தெரியும்? நீங்க அதைச் சொன்னப்ப மெஷின் ஓடிட்டிருந்துச்சு" என்றார் டாக்டர், கையுறையைக் கழற்றியபடி.

பஞ்சக்கா அவரையே பார்த்தார். பிறகு மீண்டும் நாற்காலியில் சாய்ந்து, விளக்கைத் தன் முகத்துக்கு நேராகத் தானே இழுத்து வைத்துக்கொண்டு, வாயை அகலத் திறந்து, ஒரு சொத்தையும் இல்லாத பக்கத்துப் பல்லின் மேல் விரலை வைத்தார்.