நாலு வேலை செய்யும் மெஷின்

திருவையாறு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் நடத்திவந்த டெலிபோன் பூத்தில் போன் பேச ஆள் வருவது நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்டது. மூன்று கண்ணாடிக் கூண்டுகளில் ஒன்றில் விளக்குமாறும் பழைய செய்தித்தாளும் கிடந்தன. மிச்சம் இருந்தது ஒரு பழைய ஜெராக்ஸ் மெஷின். அதில் எதை வைத்தாலும் ஓரமெல்லாம் கருத்துப்போய்த்தான் வெளியே வரும்.

ஆறு வறண்டு கிடந்த வருஷங்கள் அவை. குறுவை அடியோடு இல்லை. சம்பா விதைத்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் கதிர் பார்க்கக் கிடைத்தது. என் கணவர் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் சூப்பர்வைசர். மில் வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. ஆனாலும் என் கடைக்குக் கூட்டம் குறையவில்லை. பாஸ்போர்ட் விண்ணப்பம், பிறந்த தேதிச் சான்று, போட்டோ, வெளிநாட்டுக்கு ஃபேக்ஸ். கடைக்கு வந்த கூட்டம் முழுக்க ஊரைவிட்டுப் போகிற கூட்டம். அவர்களுக்கு வேண்டியது எதுவும் என் பழைய மெஷினில் இல்லை.

பிரிண்ட், ஸ்கேன், காப்பி, ஃபேக்ஸ் நாலும் ஒரே மெஷினில் வருகிறது என்று கேள்விப்பட்டேன். இரண்டு மாதம் விசாரித்து ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். லேசர் என்றால் கறுப்பு மட்டும்தான், ஆனால் வேகம், எழுத்து அழியாது. இங்க் என்றால் கலர் வரும், ஆனால் நாலு நாள் ஓட்டாமல் விட்டால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். எனக்கு லேசர்தான் சரி என்று முடிவு செய்தே வைத்திருந்தேன்.

கடைக்கு மேல் மாடியில் ஒருவர் டிராவல்ஸ் வைத்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். எப்போதும் வெள்ளைச் சட்டை, கையில் தோல் பை. யாரிடமும் குரலை உயர்த்திப் பேசிப் பார்த்ததில்லை. என்னைத் தங்கச்சி என்பார். நானும் அண்ணே என்று கூப்பிடுவேன். நான் மெஷின் வாங்கப் போகிறேன் என்று தெரிந்ததும் அவரே கீழே இறங்கி வந்தார்.

"நானும் கூட வர்றேன் தங்கச்சி. தனியாப் போனா எதையாவது தலையில கட்டிருவாங்க."

மில் ஓடுகிற நாள் அது, என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. துணைக்கு ஆள் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்தான் இருந்தது. அதை மறைக்க முடியாது.

தஞ்சாவூரில் அந்தக் கடை ஏ.சி. போட்டு ஜில்லென்று இருந்தது. விற்பனைக்கு நின்ற பையன் லேசரையும் இங்க் மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். நான் நோட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவனும் மறைக்காமல் சொன்னான். "கலர்ல ஒரே ஒரு குறை மேடம். தண்ணி பட்டா கலையும். விரல் ஈரமா இருந்தாக்கூட ஒட்டிக்கும்."

"அப்ப லேசரே போதும்" என்றேன்.

டிராவல்ஸ்காரர் சிரித்தார். "கறுப்பு வெள்ளைக்கு யாரும்மா இனிமே வருவா? காலம் எங்கேயோ போயிருச்சு. கலர் வாங்குங்க. பாதி வேலை நானே கொண்டுவந்து கொட்டுறேன்."

ஒரு காப்பி எடுத்துக் காட்டச் சொன்னார். பையன் ஏதோ ரோஜாப்பூப் படத்தை எடுத்தான். "அது வேண்டாம், இதை வைங்க" என்று தன் பையிலிருந்து ஒரு காகிதத்தை நீட்டினார். வளைகுடா நாட்டு விசா. பச்சையில் முத்திரை, சிவப்பில் எண், அரபி எழுத்து. மெஷின் மெல்ல முனகிக்கொண்டு காப்பியைத் துப்பியது. பையன் இரண்டையும் இரு கையில் பிடித்துப் பார்த்தான்.

"சார், இதுல எது உங்களோடது?"

விளையாட்டாகத்தான் கேட்டான். அவர் இரண்டு காகிதத்தையும் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இரண்டையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "இதையே போடுங்க" என்றார். நான் நோட்டை மூடிவிட்டேன். பில்லை என் பெயரில் போட்டார்கள்.

சொன்னபடியே அவர் வேலை கொண்டுவந்தார். வாரத்தில் இரண்டு நாள், மத்தியானம் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் வருவார். "நீங்க போயி டீ சாப்பிட்டுட்டு வாங்க தங்கச்சி, நானே போட்டுக்கறேன்" என்பார். நானும் எதிர்த்த டீக்கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்வேன். அங்கிருந்து பார்த்தால் அவர் முதுகு மட்டும் தெரியும். திரும்பி வரும்போது கடை சுத்தமாக இருக்கும். மற்றவர்கள் வந்துபோனால் குப்பைக்கூடையில் கசக்கிப் போட்ட காகிதம் நாலைந்தாவது கிடக்கும். அவர் வந்துபோன பிறகு ஒரு துண்டுக் காகிதம் இருந்ததில்லை. கெட்டுப்போனதையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதைக் கவனித்தேன். கவனித்ததோடு சரி.

ஒருநாள் யாரோ பின் அடித்த காகிதத்தை அப்படியே மெஷினில் வைத்து இழுத்துவிட்டார்கள். கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டது. வெட்டிப்போட்ட நகம் மாதிரி வளைந்த சின்னக் கீறல். அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு காப்பியிலும் வலது பக்கம் மேலே அந்த வளைவு விழுந்தது. பெரிதாகத் தெரியாது. தினமும் பார்க்கிற என் கண்ணுக்குத் தெரியும்.

தை பிறந்து சில நாளில் ஒரு புருஷனும் பெண்சாதியும் கடைக்கு வந்தார்கள். அவன் டிராக்டர் ஓட்டுகிறவன், முப்பது வயது இருக்கும். பாஸ்போர்ட்டுக்கு எழுதிக்கொடுத்ததே நான்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, விசா வந்துருச்சு. வர்ற வெள்ளிக்கிழமை திருச்சியிலேர்ந்து ஃபிளைட். வீட்டுல ஒண்ணு இருக்கட்டும், காப்பி எடுத்துக் குடுங்க. இது ஒரிஜினல், பார்த்து."

பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவிக் கொடுத்தான். மெஷின் மூடியைத் திறந்து வைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். வலது பக்கம் மேலே, முத்திரைக்குப் பக்கத்தில், நகம் மாதிரி ஒரு வளைவு.

கண்ணாடியைப் பார்த்தேன். காகிதத்தைப் பார்த்தேன். என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் விரலை நாக்கில் தொட்டு முத்திரையின் ஓரத்தில் வைத்தேன். பச்சை விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"அய்யோ, என்னக்கா பண்ணுறீங்க!" என்று பாய்ந்து பிடுங்கிக்கொண்டான். "கலைச்சிட்டீங்களே! கலைச்சிட்டீங்களே!"

"தம்பி, இது அங்கேயிருந்து வந்தது இல்லப்பா. இந்த மெஷின்ல வந்தது."

"என்ன சொல்றீங்க?"

கண்ணாடியில் இருந்த கீறலைக் காட்டினேன். அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பெண்சாதி பார்த்தாள். கீறலையும் பார்த்தாள், என் விரலையும் பார்த்தாள்.

"குத்தகையை விட்டுட்டேன். டிராக்டர் சாவியைக் குடுத்துட்டேன். ஊரெல்லாம் சொல்லியாச்சு. இப்ப வந்து இதைச் சொல்றீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?" என்றவன், நேராக மாடிப்படி ஏறிப் போய்விட்டான். மேலே பேச்சுக்குரல் கேட்டது. என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. கால் மணி நேரத்தில் இறங்கினான், கையில் வேறு காகிதத்தோடு. முகத்தில் பழையபடி தெம்பு வந்திருந்தது. என்னைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். அவள் மட்டும் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் டிராவல்ஸ்காரர் கடைக்கு வந்து வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். கோபமே இல்லை.

"எதுக்கு தங்கச்சி தேவையில்லாம பயமுறுத்துறீங்க? அவனே பாவம்."

"அண்ணே, அது இங்க எடுத்தது."

"இருக்கலாம்." மெஷினை ஒரு மாட்டைத் தடவுவது போலத் தடவினார். "மெஷின் யாரோடது? பில்லு யார் பேர்ல இருக்கு? நாளைக்கு யாராவது வந்து கேட்டா, நான் மாடியில இருக்கறவன். நீங்கதான் கீழ மெஷின் வச்சிருக்கீங்க. யோசிச்சுக்கங்க."

எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனார்.

என் கணவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்துவிட்டார். "வாயைத் தெறக்காத. வெள்ளிக்கிழமை அவன் போயிட்டா முடிஞ்சுபோச்சு. நமக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. பயந்துவிட்டார். நானும்தான் பயந்தேன்.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போது அந்தப் பெண் வாசலில் நின்றாள். தனியாக வந்திருந்தாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். வேலைக்கு எடுத்திருப்பதாகக் கம்பெனி அனுப்பிய கடிதம். மேலே அந்த நாட்டு ஃபேக்ஸ் நம்பர் இருந்தது.

"அவரு தூங்குறப்ப எடுத்துட்டு வந்தேன்க்கா. இந்த நம்பருக்கு நீங்களே கேட்டுப் பாருங்க. நீங்க சொன்னா அவரு நம்பமாட்டாரு. அங்கேயிருந்து வந்தா நம்புவாரு."

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நாலு வரி எழுதி, அந்தக் கடிதத்தோடு சேர்த்து அனுப்பினேன். மாடியில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் இரண்டு பேரும் மேலே பார்த்தோம். மத்தியானம் மூன்று மணிக்கு மெஷின் மணி அடித்துக் காகிதத்தைத் தள்ளியது. இரண்டே வரி. இந்தப் பெயரில் நாங்கள் யாருக்கும் விசா அனுப்பவில்லை. எங்கள் கடிதத்தாளை யாரோ தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

தமிழில் சொன்னேன். அவள் அதை வாங்கி நாலாக மடித்துக்கொண்டு போனாள்.

அவள் போனதும் மெஷினைத் திறந்து கலர் மைக் குப்பியைக் கழற்றி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். மெஷின் ரிப்பேர் என்று மாடிக்குச் சொல்லி அனுப்பினேன். இன்னும் எத்தனை பேர் கையில் என் கடைக் காகிதம் இருக்கிறது என்று நினைக்காமல் இல்லை. யார் யார் என்று தெரியாது. அவரிடம் கேட்கவும் துணிச்சல் இல்லை. போலீஸ் ஸ்டேஷன் என் கடையிலிருந்து நடக்கிற தூரம்தான். இரண்டு தடவை அந்தப் பக்கம் போனேன். இரண்டு தடவையும் வாசலோடு திரும்பி வந்தேன்.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் வேன் வந்து, மாடியில் விசா வாங்கிய ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு போனது. டிராக்டர் ஓட்டுகிறவன் போகவில்லை. சனிக்கிழமை அவன் பெண்சாதி வந்தாள். இடது கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது.

"ஃபேக்ஸைக் காட்டினேன். நீங்க பொறாமையில அடிச்சுக் குடுத்ததுன்னுட்டாருக்கா. அதான் பாஸ்போர்ட்டை போர்செட் தொட்டியில போட்டுட்டேன். ராத்திரி பூரா தண்ணியில கெடந்துச்சு." கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "போட்டதுக்கப்புறம்தான் அடிச்சாரு. அடிக்கட்டும். இங்கதானே இருக்காரு."

ஐந்து பேரில் இரண்டு பேரைத் திருச்சி ஏர்போர்ட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று பேர் விமானம் ஏறிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாடிக் கதவில் பூட்டுத் தொங்கியது. அவர் அகப்படவே இல்லை. வேதாரண்யம் பக்கம் பார்த்ததாக ஒருவர் சொன்னார், கேரளாவில் என்று இன்னொருவர். பூட்டை உடைத்த போலீஸ்காரர்கள், அடுத்ததாக என் கடைக்கு இறங்கி வந்தார்கள். மெஷினைத் துணியில் சுற்றி ஜீப்பில் ஏற்றினார்கள். தெரிந்ததையெல்லாம் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். என்னைச் சாட்சியாகச் சேர்த்தார்கள். குற்றவாளியாகச் சேர்க்காதது அந்த ஃபேக்ஸால்தான். அந்தப் பெண் அதைக் கிழிக்காமல் வைத்திருந்து கொண்டுவந்து கொடுத்தாள்.

தஞ்சாவூர்க் கோர்ட்டில் அவர் இல்லாமலே சாட்சி பதிவு செய்தபோது சர்க்கார் வக்கீல் என்னைக் கேட்டார். "உங்கள் மெஷினில் இந்தக் காகிதங்களை அடிக்கும்போதெல்லாம் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

"டீக்கடையில்" என்றேன்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

விமானம் ஏறிய மூன்று பேரையும் அங்கே இறங்கிய இடத்திலேயே பிடித்து ஜெயிலில் போட்டுவிட்டார்கள். அதில் ஒருவன் கண்டியூர்க்காரன், கல்யாணம் ஆகாதவன். அவனுடைய அம்மா திங்கள்கிழமைதோறும் என் கடைக்கு வர ஆரம்பித்தாள். என் மேல் அவளுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. வெளிநாட்டுக் கடுதாசி வருகிற இடம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், அவ்வளவுதான். "எம்புள்ளகிட்டேர்ந்து ஏதும் வந்துச்சாம்மா?" என்பாள். "வரலைம்மா" என்பேன். கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்துவிட்டு பஸ் ஏறுவாள். வருவதற்கு என்னிடம் ஃபேக்ஸ் மெஷினே இல்லை என்று ஒருநாளும் நான் சொல்லவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து அவன் வந்தான். கும்பகோணம் பஸ்ஸிலிருந்து அம்மாவும் அவனும் இறங்கினார்கள். கையில் பை எதுவும் இல்லை. சட்டை தோளில் நிற்காமல் நழுவியது. அவள் என் கடையை நோக்கி அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள், எனக்குக் காட்டுவதற்காக. நான் எழுந்து போயிருக்க வேண்டும். மேஜைக்கு அடியில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

"கடைக்கார அம்மா இல்லையா?" என்று அவள் கேட்பது காதில் விழுந்தது. அவனுடைய ரப்பர்ச் செருப்பு சரசரவென்று இழுபட்டுக்கொண்டே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகும்வரை நான் நிமிரவில்லை.