பித்தளை ஸ்டவ்வும் என் புருவமும்

விலையைச் சொன்ன பிறகும் ஒருவர் கடையை விட்டு இறங்காமல் நிற்கிறார் என்றால், வெளியே மழை பெய்கிறது என்று அர்த்தம். கடையில் நின்று கால் கடுத்த அத்தனை பேருக்கும் இது தெரியும். நானும் அவர்களில் ஒருவன்தான்.

உலக யுத்தம் முடிந்த சமயம். அரியலூர்க் கடைவீதியில் ஒரு பாத்திரக் கடையில் எனக்கு விற்பனை வேலை. முதலாளி திருச்சியில் இருந்தார். கடை முழுக்க என் பொறுப்பு. எங்களிடம் இரண்டு வகை ஸ்டவ் இருந்தது. ஒன்று, திரி போட்ட தகர ஸ்டவ். மற்றது, கப்பலில் வந்த பித்தளைப் பம்பு ஸ்டவ். ஒரு பித்தளை ஸ்டவ்வின் விலைக்கு அரை டஜன் தகர ஸ்டவ் வாங்கிவிடலாம். அதனால் தகரம் தானாகப் போனது. பித்தளையோ கண்ணாடி அலமாரியை விட்டு நகரவில்லை.

ஒருநாள் முதலாளி வந்து அலமாரியைப் பார்த்தார். "பொங்கலுக்குள்ள இதுங்க போகலேன்னா, கடையைச் சாத்திட்டு சாவியைக் கொண்டாந்து குடுத்துடு" என்றார். எனக்குக் கல்யாணமாகி, சரசுவை அழைத்து வந்து அரியலூரில் குடித்தனம் வைத்த புதிது. சாவியைக் கொடுப்பதில்லை என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

சந்தையில் வெந்நீர்

ஆள் கடைக்கு வராவிட்டால் கடை ஆளிடம் போக வேண்டியதுதான். ஒரு பித்தளை ஸ்டவ்வையும் ஒரு தகர ஸ்டவ்வையும் சாக்கில் சுற்றி, பஸ் ஏறிப் பெரம்பலூர் சந்தைக்குப் போனேன். அப்போது மண்ணெண்ணெய் ரேஷனில்தான் கிடைக்கும். "அடுப்பை வாங்கிடலாம், அது குடிக்கக் கிருஷ்ணாயில் யாரு குடுப்பா?" என்று கேட்டார் வெங்காயம் விற்க வந்திருந்த ஒரு செட்டிகுளத்துக்காரர். விடுவேனா? தகர ஸ்டவ்வையும் பித்தளை ஸ்டவ்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே அளவு எண்ணெய் ஊற்றி, ஒரே அளவு தண்ணீரை ஏற்றினேன். கூட்டம் கூடிவிட்டது.

தகரத்தின் மேல் இருந்த தண்ணீர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தபோது, பித்தளையின் மேல் இருந்தது தளதளவென்று கொதித்தது. எண்ணெயும் குறைவாகத்தான் செலவாகியிருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நிமிர்ந்து பார்த்தேன். வெங்காயக்காரர் குனிந்து பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். "தண்ணி கொதிச்சிருச்சு, சரி தம்பி. சோறு எப்ப போடுவீங்க?"

ஆண்டிமடத்து முந்திரி

வெந்நீரைக் காட்டி விற்க முடியாது என்று புரிந்தது. இனி யார் எதைக் கேட்டாலும் அதையே சமைத்துக் காட்டுவது என்று கிளம்பினேன். ஆண்டிமடத்தில் முந்திரி வியாபாரி ஒருவர், "இதுல கொட்டை வறுக்கலாமா?" என்று கேட்டார். "எதை வேணும்னாலும் வறுக்கலாம்" என்றேன். அவர் சிரித்தார். நான் திருச்சி ஆள், அந்தச் சிரிப்பு எனக்குப் புரியவில்லை.

முந்திரிக் கொட்டையை மேல் ஓட்டோடு வறுத்தால் எண்ணெய் கக்கும், அது தீப்பிடிக்கும் என்று அந்த ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் அங்கே ஆள் நடமாட்டமில்லாத வெளியில், ஓட்டை போட்ட தகரத்தில் போட்டு, எட்ட நின்று வறுப்பார்கள். நானோ இரும்புச் சட்டியில் கொட்டி, முகத்தைக் கிட்டே வைத்துக்கொண்டு பம்பு அடித்தேன். முதலில் புகை, அப்புறம் படபடவென்று சத்தம், அப்புறம் ஆளுயரத்துக்கு நெருப்பு. வியாபாரி ரெடியாக வைத்திருந்த மணலை அள்ளிக் கொட்டினார். எனக்கு அழுகை வராத குறை. அவர் நிதானமாக ஸ்டவ்வைப் புளி போட்டுத் துலக்கச் சொன்னார். பிறகு திருப்பித் திருப்பிப் பார்த்து, பம்பை அடித்துப் பார்த்து, மறுபடி பற்றவைத்தார். நீலமாக எரிந்தது.

"அடுப்புக்கு ஒண்ணும் ஆவல, நல்ல சரக்குதான். புருவம் மொளைச்சதும் வந்து பணத்தை வாங்கிட்டுப் போங்க."

மாதா பக்கத்தில்

அடுத்து வாங்கியவர் வரதராஜன்பேட்டை வாத்தியார் ஒருவர். சில வாரம் கழித்து, ஸ்டவ் எப்படி எரிகிறது என்று விசாரிக்க அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி சந்தோஷமாக உள்ளே கூப்பிட்டார். சமையலறையில் விறகு புகைந்துகொண்டிருந்தது. ஸ்டவ்வைக் காணோம். கூடத்தில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், பூவேலை செய்த துணி விரித்து, அதன் மேல் என் ஸ்டவ் முகம் பார்க்கிற மாதிரி பளபளத்தது. ஒரு தடவைகூட எரிந்த அடையாளம் இல்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. எரிகிற ஸ்டவ்வைப் பார்த்தால்தானே பக்கத்து வீட்டுக்காரிக்கு ஆசை வரும்? பொங்கலோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஏன் புழங்கவில்லை என்று கேட்டேன். அந்த அம்மாள் என்னை விவரம் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இவ்வளவு வெல குடுத்து வாங்கிட்டு, அதைப் போய்ப் பத்த வைப்பாங்களா சார்?"

ஸ்டேஷன் ரோட்டுக் கேள்வி

அரியலூர் ஸ்டேஷன் வாசலில் பாக்கியம் அக்கா இட்லி விற்றார். வைத்திருந்தது எங்கள் கடைத் தகர ஸ்டவ். காற்று அடித்தால் திரி அணைந்துவிடும். அடுத்த ஈடு இட்லி வேகும் முன்னால் ரயில் போய்விடும். இவருக்கு விற்காமல் வேறு யாருக்கு விற்பது? போய் நின்று ஒரு பாடு பேசினேன். முழுக்கக் கேட்டுக்கொண்டு, "உங்க வூட்டுல எதுல சமைக்கிறாங்க?" என்றார்.

"விறகுலதான்" என்றேன். வேறு என்ன சொல்வது? பாக்கியம் அக்கா இட்லித் தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். "அப்ப உங்க சம்சாரம் கெட்டிக்காரங்க."

சரசு

நேரே கடைக்குப் போய், சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி முதலாளிக்குக் கார்டு எழுதிப் போட்டுவிட்டு, ஒரு பித்தளை ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதன் இரைச்சலைக் கேட்டு முதல் நாள் சரசு கொல்லைப்புறத்துக்கே ஓடிவிட்டாள். ஒரு வாரத்தில் நிலைமை மாறியது. கண் எரிச்சல் இல்லாமல், இருமாமல், அவள் பாட்டுப் பாடிக்கொண்டே குழம்பு வைத்தாள். இத்தனை நாள் அவளைப் புகையில் உட்கார வைத்துவிட்டு ஊரெல்லாம் ஸ்டவ் பெருமை பேசிக்கொண்டிருந்தோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

பாக்கியம் அக்கா கேட்ட கேள்வியைச் சரசுவிடம் சொன்னேன். அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். ஸ்டவ்வை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். நல்ல காற்று. ஒரு பழைய தகரத்தை மறைப்பாக நிறுத்தி, பற்றவைத்து, பம்பு அடித்து, பாக்கியம் அக்காவின் இட்லிப் பானையைத் தூக்கி மேலே வைத்தாள். ரயில் வந்து நிற்கவும், மூடியைத் திறக்கவும் சரியாக இருந்தது. கூட்டம் போன பிறகு காலியான தட்டைப் பார்த்தபடியே பாக்கியம் அக்கா சொன்னார்: "இனிமே ஏவாரத்துக்கு நீ வா தாயி, அவரை வூட்டுல இருக்கச் சொல்லு."

சாவி

மறுநாளே பாக்கியம் அக்கா ஒன்று வாங்கினார். ஸ்டேஷன் ரோட்டில் அது எழுப்பிய இரைச்சலே எங்களுக்கு விளம்பரமாகிவிட்டது. இட்லி தின்ன வந்தவர்கள் கை கழுவிய ஈரத்தோடு கடைக்கு வந்து விலை கேட்டார்கள். விலையைக் கேட்டு முகம் சுளித்தார்கள், ஆனால் படி இறங்கவில்லை. வெளியே மழையும் இல்லை.

பொங்கலுக்கு முன்னால், சொன்னபடி முதலாளி சாவி வாங்க ரயிலில் வந்து இறங்கினார். பசி போலிருக்கிறது, பாக்கியம் அக்காவிடம் சாப்பிட உட்கார்ந்தார். அவர் யார் என்று அக்காவுக்குத் தெரியாது. முதலாளி கடைக்கு வந்தபோது நான் சாவிக்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆனால் கொடுக்காமல், காலி அலமாரிக்கு முன்னால் நின்றேன். அவர் அலமாரியைப் பார்த்தார், என் அரைப் புருவத்தைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். "சாவி உங்கிட்டயே இருக்கட்டும்ப்பா. அந்த இட்லிக்காரம்மா என் ஸ்டவ்வை எனக்கே விக்கப் பாக்குது!"

அவ்வளவு விலைக்கு அந்த ஸ்டவ் தகுமா என்று இன்றும் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பற்றவைத்தால் தகும், பற்றவைக்காவிட்டால் பாதிப் புருவத்துக்குக்கூடத் தகாது.