ஊதா நகம்

வேலூர் பேருந்து ஆரணியில் நிற்கிறது. டீக்கடை டிவியில், கூட்டணிக் கட்சிகளின் தயவில் ஓடிய டெல்லி ஆட்சி ஒரே ஓட்டில் கவிழ்ந்துவிட்டதாகச் செய்தி. கவிழ்த்தவர்கள் மேசையைத் தட்டிச் சிரிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பக்கத்தில் டீ குடிப்பவர் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். நகமெல்லாம் ஊதா.

"முன்ன ஒரு எலெக்‌ஷன்ல இந்த நகத்தப் பாத்துட்டு, மை வெச்சிகினு ரெண்டாவது தபா வந்துட்டியான்னு தொரத்திட்டாங்க சார். அதான் போன வருஷம் பத்து நாளு வேலைக்கே போவாம, கைய வெளுக்க உட்டு, போயி ஓட்டுப் போட்டேன்."

"மறுபடியும் தேர்தல் வருமே" என்கிறேன்.

அவர் டிவியை முறைக்கிறார்.

"தேதிய மட்டும் முன்னாடியே சொல்லச் சொல்லுங்க. இந்தக் கை வெளுக்கப் பத்து நாளு ஆவும்."